திண்டுக்கல்லில் பிடிபட்ட கல்யாணங்கள்

கேட்ட வரம் கிடைத்தால் அதை எழுத்தில் போட்டு நாலு பேர் அறியச் செய்கிறேன் என்று புனித அந்தோணியாரிடம் வாக்குக் கொடுத்தேன். வரம் கிடைத்தது. நான் எழுதவில்லை. தவக்காலம் வரும்போதெல்லாம் தாளும் பேனாவும் எடுத்து உட்காருவேன். முதல் வரி எழுதியதும் கை நின்றுவிடும். இது அச்சில் வந்து, யார் கண்ணிலாவது பட்டு, ஆறிப்போன நெருப்பை மறுபடி கிளறிவிடுமோ என்று பயம். இப்படியே வருடங்கள் போய்விட்டன. இந்தக் கதையில் வருகிற போலீஸ்காரர் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்று சென்ற மாதம் தங்கை போனில் சொன்னாள். இனி அவருக்குக் கேடு வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். அவர் பெயரை மட்டும் எழுதமாட்டேன்.

நான் கிள்ளானில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். எங்கள் அப்பா திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். ஊரோடு உறவு அறுந்துவிடக் கூடாது என்று என் தங்கை ராணியை அங்கேயே மாமன் மகன் சேசுராஜுக்குக் கட்டிக் கொடுத்தார். ராணியின் மூத்த மகள் புதுநன்மை, அதாவது கோவிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்குகிறாள், தாய்மாமன் வராமல் எப்படி என்று கூப்பிட்டார்கள். பிள்ளைக்கு வெள்ளைக் கவுனும் முக்காடும் வாங்கினேன். சேசுராஜ் திண்டுக்கல் டவுனில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். அவருக்கு ஒரு புது வீடியோ கேமராவும், எழுதாத வெற்று சிடி தட்டுகள் அடுக்கிய வட்ட டப்பா ஒன்றும் வாங்கினேன். கேக் டப்பா போல இருக்கும். அந்த டப்பா என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

திருச்சியில் இறங்கி பஸ் ஏறினேன். எங்கள் ஊர் பஸ்ஸில் குளிர்சாதனம் உண்டு, பேச்சு கிடையாது. இங்கே குளிர்சாதனம் இல்லை, பேச்சுக்குக் குறைவில்லை. டிரைவர் தலைக்கு மேலே டிவியில் ஒரு புதுப்படம் ஓடியது. தியேட்டரில் உட்கார்ந்து கேமராவில் திருட்டுத்தனமாக எடுத்த படம். நடுவில் யாரோ எழுந்து போக, கதாநாயகன் முகத்தை ஒரு கறுப்புத் தலை மறைத்தது.

"யோவ், உக்காருய்யா!" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டார். பஸ்ஸே சிரித்தது.

"இதெல்லாம் போட்டா இப்ப குண்டாஸாம்ல?" என்றார் என் பக்கத்தில் இருந்த பெரியவர்.

"போடுவாக போடுவாக. நீரு படத்தப் பாரும்" என்றார் கண்டக்டர்.

குண்டாஸ் என்றால் என்ன என்று பெரியவரிடம் கேட்டேன். "குண்டர் சட்டம் தம்பி. ரவுடிக்கும் சாராயம் காய்ச்சுறவனுக்கும் போட்டது. இப்பத் திருட்டு விசிடிக்காரனையும் அதுல சேத்துப்புட்டாக. உள்ள போனா ஒரு வருசம். ஜாமீன் கீமீன் எதுவும் கிடையாது" என்றார். எனக்குக் கிள்ளான் இரவுச் சந்தை ஞாபகம் வந்தது. அங்கேயும் துணி விரித்துத் திருட்டுத் தட்டுகள் விற்பார்கள். அதிகாரிகள் வந்தால் துணியின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவர்கள் போனதும் மறுபடி விரிப்பார்கள். நாங்கள் நின்று சிரிப்போம். இங்கே ஓட்டம் இல்லை, ஒரு வருடம் என்கிறார்களே என்று மனதுக்குள் நினைத்தேன். அதோடு மறந்தேன்.

அய்யலூர் தாண்டும்போது டயர் வெடித்தது. அன்றைக்கு அங்கே ஆட்டுச் சந்தை. எல்லோரும் இறங்கி நிழலில் நின்றோம். யாரோ கட்டாமல் விட்ட ஒரு வெள்ளாடு மெதுவாக வந்து என் பெட்டியில் ஒட்டியிருந்த விமானச் சீட்டைத் தின்ன ஆரம்பித்தது.

"ஏலே, ஆட்டப் புடி. அந்த அண்ணன் பெட்டியத் திங்குது!"

"திங்கட்டும்ப்பா. வெளிநாட்டுப் பேப்பரு. அதுவும் ருசி பாக்கட்டும்."

நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் பயமில்லாமல் நான் சிரித்தது அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

வடமதுரைக்கு ராணியும் சேசுராஜும் வந்து கூட்டிப் போனார்கள். வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. "வெஞ்சனம் போதுமாண்ணே?" என்று கேட்டுக் கேட்டு ராணி தொட்டுக்கொள்ளும் கறியால் இலையை நிரப்பினாள். சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியைத் திறந்தேன். மருமகள் கவுனை மார்போடு வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். சேசுராஜ் கேமராவைவிட அந்த டப்பாவைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்தார்.

"மச்சான், இங்க கிடைக்கிற தட்டு எழுதும்போதே பாதியில செத்துப்போகும். இது தங்கம் மச்சான்."

மறுநாள் காலை அவருடைய கடையைப் பார்க்கப் போனேன். மாடியில் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் குழந்தை இயேசு படம். அலமாரி நிறையத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் ஒரு சினிமாப் பெயர். எல்லாம் புதுப்படப் பெயர்கள்.

"மாப்பிள்ளை, இது என்ன?"

"கல்யாணம் மச்சான். எல்லாம் கல்யாணம்."

அவர் சொன்ன விளக்கத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் வருவதெல்லாம் இதிலிருந்துதான். எங்கள் ஊரின் பாதுகாவலர் சவேரியார். அதனால் வீட்டுக்கு ஒரு சவரிமுத்து, ஒரு சவரியம்மாள். என் பெயரும் சவரிமுத்துதான். சேசுராஜ் ஆரம்பத்தில் தட்டில் மணமக்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறார். இரண்டு சவரிமுத்து கல்யாணம் மாறிப்போய்விட்டது.

"மாப்பிள்ளை வீட்ல சாதி சனம் பூராம் உக்காந்து பாக்குறாக. பொண்ணு வேற!"

"அடி விழுந்துச்சா?"

"அடியெல்லாம் இல்ல. மாமியாக்காரி நல்லா உத்துப் பாத்துட்டு, 'இந்தப் புள்ளையும் லட்சணமாத்தான் இருக்கு, இருக்கட்டும்'னுச்சு."

அதற்குப் பிறகு பெயர் எழுதுவதை விட்டுவிட்டார். கல்யாண வீடியோ தொடக்கத்தில் ஒரு சினிமாப் பாட்டு வைப்பது அங்கே வழக்கம். கம்ப்யூட்டரில் ஏற்றி, அதன்மேல் மணமக்கள் படத்தை ஓடவிடுவார்கள். எந்தப் பாட்டு என்பதை வீட்டுக்காரர்கள் வந்து சொல்வார்கள். ஒரு படத்துப் பாட்டை ஒரு வீட்டுக்குத்தான் கொடுப்பது என்று சேசுராஜ் வைத்திருந்தார். அதனால் அந்தப் பாட்டு வந்த படத்தின் பெயரையே தட்டில் எழுதினால் மாறாது. "இந்தப் படம் வடமதுரைக் கல்யாணம், அந்தப் படம் பேகம்பூர் நிக்காஹ். எனக்குப் பாத்த உடனே தெரியும்" என்றார் பெருமையாக.

கடைக்குக் கொண்டுவந்திருந்த வெற்றுத் தட்டு டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு பிரியாணி சாப்பிடப் போனோம். சிறு அரிசி, சிறு துண்டுக் கறி, எலுமிச்சைப் புளிப்பு. எங்கள் ஊரில் நீள அரிசி வரிசை வரிசையாக நிற்கும், வாசம் மட்டும் வராது. இங்கே இலையைப் பிரிக்கும் முன்பே வாசம் வருகிறது. அப்படி ரசித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், கடை வாசலில் ஜீப்.

உள்ளே இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவராம், தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர். அவருடைய மரியாதையைக் கேட்டுத்தான் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அதட்டியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

"வாங்க, வாங்க. உங்களுதுங்களா கடை?"

அலமாரித் தட்டுகள் எல்லாம் தரையில் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு படப் பெயரையும் ஒரு காவலர் உரக்கப் படித்தார், இன்னொருவர் எழுதினார். வாசலில் கூடியவர்களில் ஒருவன், "அடேயப்பா, வராத படம்கூட வந்துருச்சு போல" என்றான்.

"சார், அதெல்லாம் கல்யாண வீடியோ சார்" என்றார் சேசுராஜ்.

"போன ஊருல கல்யாண வீடியோ அட்டைக்குள்ள படத்த ஒளிச்சு வெச்சிருந்தாங்க. இங்க படத்துப் பேருக்குள்ள கல்யாணத்த வெச்சிருக்கறீங்களாக்கும்?" இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. வட்ட டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். "இது என்னங்க?"

"எழுதாத தட்டு சார். மச்சான் மலேசியாவுலேருந்து கொண்டாந்தாரு."

"மலேசியாவுல இருந்து எழுதாத தட்டு. இங்க எழுதின தட்டு. நடுவால கம்ப்யூட்டரு. சரியாப் போச்சுங்க." என்னைப் பார்த்தார். "உங்க பேருங்க?"

"சவரிமுத்து."

"கீழ டீக்கடைக்காரரும் சவரிமுத்துங்கறாரு. பக்கத்து லைட் செட்டுக்காரரும் சவரிமுத்துங்கறாரு. ஏனுங்க, எல்லாரும் பேசி வெச்சுட்டு வந்தீங்களா? பாஸ்போர்ட்ட எடுங்க."

கொடுத்தேன். கை தவறி அது கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்தவர் ஒரு ஏட்டையா, தலை நரைத்தவர். அவர்தான் பிறகு சேசுராஜைப் பார்த்து எல்லோரையும்விடச் சத்தமாக, "ஏலே, நட! ஜீப்புல ஏறு!" என்று அதட்டினார். ஆனால் அதட்டும்போது சேசுராஜ் முகத்தை அவர் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். அதை நான் கவனித்தேன். ஏன் என்று விளங்கவில்லை.

ஸ்டேஷனில் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து விசாரித்துவிட்டு, பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சேசுராஜை விடவில்லை. தட்டுகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் அரக்கு வைத்தாகிவிட்டது. போட்டுப் பார்க்க ஸ்டேஷனில் விசிடி பெட்டியும் இல்லை. சென்னையிலிருந்து படக் கம்பெனி ஆள் மறுநாள் வந்து பார்ப்பாராம். அவர் 'எங்கள் படம்தான்' என்று சொல்லிவிட்டால் குண்டர் சட்டத்துக்குக் காகிதம் மேலே போய்விடும் என்று வாசலில் நின்ற காவலர் காதில் சொன்னார்.

சாயந்தரம் ராணியும் நானும் வக்கீல் நூர்ஜகான் வீட்டுக்குப் போனோம். பேகம்பூரில் தோல் வியாபாரக் குடும்பம். அவர் கல்யாண வீடியோவும் சேசுராஜ் எடுத்ததுதான். பொறை ரொட்டியும் டீயும் வைத்தார்.

"படம் இல்லேன்னு ஆயிட்டா குண்டாஸ் நிக்காதுண்ணே" என்றார். "ஆனா பாட்டு இருக்கே. அதுதான் எனக்குக் கவலை."

"பாட்டா? கல்யாணத்துல பாட்டுப் போடாம இருப்பாங்களாக்கா?" என்றாள் ராணி.

"கல்யாண வீட்ல ரேடியோ செட்டுல பாட்டுப் போட்டா தப்பில்லேன்னு சட்டத்துலயே இருக்கு. ஆனா அதே பாட்டக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, தட்டுல எழுதி, காசு வாங்கிட்டுக் குடுத்தா? அது பாட்டுக்காரங்களோட சொத்து. காப்பிரைட் கேசு வரும். அதுக்கும் ஜெயில் இருக்கு. சட்டம் எழுதுனவங்க இசைத்தட்டக் கண்டாங்க, கேசட்டக் கண்டாங்க. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர்ல கல்யாணத்தக் கோப்பாங்கன்னு யாரு கண்டா? இந்த ஊர்ல இப்படி ஒரு கேசே வந்ததில்ல. நானே புஸ்தகத்த வச்சுப் படிச்சுக்கிட்டிருக்கேன்."

எனக்குத் தலை சுற்றியது. ஒரே மண்டபம், ஒரே பாட்டு. ஒலிபெருக்கியில் வந்தால் நல்ல பாட்டு. தட்டுக்குள் போனால் திருட்டுப் பாட்டு. இது எந்த இடத்தில் பாவமாகிறது என்று எந்தச் சாமியாரிடம் கேட்பது?

ராணி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, ரேடியோ செட்டுல பாடுனது தானாக் கேமராவுல விழுந்துருச்சுன்னு அவுகளச் சொல்லச் சொன்னா?"

வக்கீலம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நான் சொல்லித் தரமாட்டேன் ராணி. அவரா சொன்னா, நான் கேக்கமாட்டேன்."

அங்கிருந்து ஸ்டேஷனுக்கு இட்லிப் பொட்டலம் கொண்டுபோனோம். ராணி பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்கிற சாக்கில் குனிந்து புருஷன் காதில் அதைச் சொன்னாள். சேசுராஜ் ஒரு இட்லியை எடுத்தார், வைத்தார். "பெரியவளுக்கு நன்மைக்குச் சொல்ற மந்திரமெல்லாம் மனப்பாடம் ஆயிருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை முதல் பூசைக்குப் போனேன். அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் நின்றேன். சேசுராஜ் ஜெயிலுக்குப் போனால் ராணி என்ன செய்வாள், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை அப்பா இல்லாமல் எப்படி நன்மை வாங்கப் போகும், பாஸ்போர்ட் இல்லாமல் நான் எப்படி வீடு திரும்புவேன், மலேசியக் கும்பல் என்று என்னையும் சேர்த்துவிட்டால் கிள்ளானில் என் வீட்டுக்காரி யாரிடம் போய் நிற்பாள்? எல்லாம் சேர்ந்து ஒரே அழுகையாக வந்தது. 'வீட்டுக்கு அனுப்பிவையும், எழுதிப்போடுகிறேன்' என்று வாக்குக் கொடுத்தது அங்கேதான்.

தட்டுகளைப் போட்டுக் காட்ட வக்கீலம்மா அனுமதி வாங்கியிருந்தார். அவர் வீட்டு டிவியையும் விசிடி பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றி, டிவியை மடியில் வைத்துக்கொண்டு நான் போனேன். ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. கூட்ஸ் வண்டி, முடிவே இல்லாமல் போனது. கம்பெனி ஆள் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டால்? நான் ஜெபமாலையை எடுக்கக் கையை விட்டதில் டிவி சரிந்தது.

"அண்ணே, சாமிய அப்பறம் கும்பிடுங்க, முதல்ல டிவியப் புடிங்க!" என்றார் ஆட்டோக்காரர். "இது ஒடஞ்சா அந்தோணியாரே வந்தாலும் படம் தெரியாது."

போய்ச் சேர்ந்தபோது கம்பெனி ஆள் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, சென்னைப் பேச்சு. அரக்கை உடைத்து முதல் தட்டைப் போட்டார்கள். கறுப்புத் திரை. பட்டாம்பூச்சிகள் பறந்தன. அந்தப் புதுப்படத்தின் பாட்டு ஆரம்பமானது. "வந்துச்சு பாருங்க சார்!" என்று அவர் நாற்காலி நுனிக்கு வந்தார். ராணி என் கையைப் பிடித்தாள். திரையில் ஒரு இருதயம் விரிந்தது. அதற்குள் ஒரு மாப்பிள்ளை, புதுச் சட்டைக் காலர் கழுத்தை அறுக்க, விழித்துக்கொண்டு நின்றான்.

கதவோரம் நின்ற காவலர் ஒருவர் சிரிப்பை மறைக்க இருமினார்.

அடுத்த தட்டு. வேறு படத்துப் பாட்டு, வேறு கல்யாணம். அடுத்தது நிக்காஹ். ஒரு கல்யாணத்தில் பந்தியில் ஒருவர் கேமராவைப் பார்த்ததும் எலும்பை இலைக்கடியில் ஒளித்தார். தட்டு மாற மாறக் கம்பெனி ஆள் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டே போனார்.

"படம் எதுவும் இல்ல சார்" என்றார் கடைசியில்.

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஓடிக்கொண்டிருந்த தட்டில் ஒரு பெண் மணவறைக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். அவர் சேசுராஜ் பக்கம் திரும்பினார். "சரிங்க. இந்தப் பாட்டெல்லாம் தட்டுக்குள்ள எப்படி வந்துச்சுங்க?"

வக்கீலம்மா கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராணியின் உதடு அசைந்தது. நானும் மாதாவே மாதாவே என்றேன். சேசுராஜ் எதைச் சொல்ல வேண்டும் என்று மாதாவிடம் கேட்டேன் என்பது எனக்கே தெரியவில்லை.

"நான்தான் சார் ஏத்துனேன்" என்றார் சேசுராஜ். "எல்லாத்துலயும் நான்தான் ஏத்துனேன்."

ராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் பின்னாலிருந்து அந்த ஏட்டையா முன்னால் வந்து விறைப்பாக நின்றார்.

"சார். இப்ப ஓடுறது எம் மக கல்யாணம் சார்."

எல்லோரும் டிவியைப் பார்த்தோம். மணவறைக்கு வந்த பெண்ணின் பக்கத்தில், பட்டு வேட்டியில், இதே ஏட்டையா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பாட்டுத்தான் வேணும்னு கடையில நின்னு சண்ட போட்டு வாங்குனதே நான்தான் சார். வேற ஒருத்தருக்குக் குடுத்ததப் புடுங்கி எனக்குக் குடுத்தாரு. ஏத்துனது தப்புன்னா, ஏத்தச் சொன்னது நானு. எம்பேரையும் எழுதிக்கங்க."

"நேத்தே ஏனுங்க சொல்லுல?"

"பயந்துட்டேன் சார்" என்றார் ஏட்டையா. "இப்பவும் பயமாத்தான் சார் இருக்கு."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. கம்பெனி ஆளிடம் கேட்டார்: "பாட்டுக்குப் புகார் குடுக்கறீங்களா?"

"பாட்டு எங்களுது இல்ல சார். படம்தான் எங்களுது. பாட்டோட உரிமை வேற கம்பெனிகிட்ட இருக்கு."

"அவங்க எங்கங்க?"

"தெரியல சார். வந்தா வருவாங்க."

வந்தா வருவாங்க. இந்த வார்த்தை பிறகு வருடக்கணக்கில் எங்கள் வீட்டில் தூங்கிற்று, எழுந்தது.

இன்ஸ்பெக்டர் என்னிடம் பாஸ்போர்ட்டை நீட்டினார். "குண்டாஸுக்கு இதுல ஒண்ணுமில்லீங்க. காகிதம் மேல போகாது. பாட்டுன்னு ஒண்ணு நிக்குது. அது எனக்கும் முழுசாப் புரியல, உங்க வக்கீலுக்கும் புரியல. சொத்துக்காரங்க வந்து கேட்டாங்கன்னா நான் கூப்புடுவேன். வரோணும்." எழுதின தட்டுகள் ஸ்டேஷனிலேயே இருக்கும், கம்ப்யூட்டரையும் வெற்றுத் தட்டுகளையும் எடுத்துப் போகலாம் என்றார். சேசுராஜிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். வாசலில் ஏட்டையா நின்றார். சேசுராஜ் அவரைக் கும்பிட்டார். அவர் கும்பிடவில்லை. "போப்பா, போ. புள்ளக்கி நன்மைல்ல" என்று மறுபடியும் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் வெள்ளைக் கவுனில் நன்மை வாங்கினாள். வீட்டில் இருந்ததால் தப்பித்த புதுக் கேமராவில் சேசுராஜ் எடுத்தார். நான் கிளம்பும்போது ஒரு தட்டு கொடுத்தார். கிள்ளானில் போட்டுப் பார்த்தோம். சத்தமே இல்லை. டிவி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, போன் போட்டுக் கேட்டேன்.

"நான்தான் எடுத்துட்டேன் மச்சான்."

"கோவில் பாட்டுத்தானே மாப்பிள்ளை? கடவுளுக்குப் பாடினது."

"பாடுனது கடவுளுக்கு. எழுதுனது யாரோ ஒருத்தருல்ல மச்சான்? வந்தா?"

இன்றும் அந்தத் தட்டு எங்களிடம் இருக்கிறது. பிள்ளை நாக்கை நீட்டுகிறாள், சாமியார் அப்பத்தை வைக்கிறார், அவள் வாய் 'ஆமென்' என்று அசைகிறது. கேட்காது.

திரும்பி வரும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். "திண்டுக்கல்லுல மலேசியாக்காரன் ஒருத்தன் பெட்டி பெட்டியாப் படத்தக் கொண்டாந்து மாட்டிக்கிட்டானாம்ல?" "மாட்டுனானா? ஏட்டுக்குப் பணத்தக் குடுத்துட்டு ப்ளைட்டுல பறந்துட்டான்யா!" அந்த மலேசியாக்காரனாகிய நான் பின்னால் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். மெல்லுகிற சத்தம் கேட்குமோ என்று நிறுத்திவிட்டேன். வாய் திறந்து, ஐயா, அந்த ஏட்டையா ஒரு காசு வாங்கவில்லை, தன் வேலையைப் பணயம் வைத்தார் என்று சொல்லியிருக்க வேண்டும். பயம் விடவில்லை. கிள்ளானுக்கு வந்தால் எங்கள் பங்குக் கோவிலிலேயே, "எத்தனை மாதம் உள்ளே இருந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். யார் சொன்னது என்றேன். எல்லாரும்தான் என்றார்.

பாட்டுக் கம்பெனிக்காரர்கள் இன்றுவரை வரவில்லை. சேசுராஜ் இப்போது நிழற்படம் மட்டும் எடுக்கிறார். வெளியே ஜீப் சத்தம் கேட்டால் ராணி இன்றும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருகிறாள்.

வாக்கை நிறைவேற்றிவிட்டேன். வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதைக் கையால் எழுதியோ, கடையில் நகல் எடுத்தோ, கம்ப்யூட்டரில் ஏற்றியோ யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். அனுமதி கேட்டு யாரையும் தேட வேண்டாம். எழுதியவன் நான், நானே கொடுக்கிறேன். ஆனால் ஒரு சொல் கூட்டாதீர்கள், ஒரு சொல் குறைக்காதீர்கள். எங்களைத் திருடர்களாக்க வேண்டாம், வீரர்களாக்கவும் வேண்டாம். உண்மையைச் சொன்ன இரண்டு பேரும் பயந்துகொண்டேதான் சொன்னார்கள். அது அப்படியே போய்ச் சேரட்டும். பின்னால் பாட்டு எதுவும் வைக்காதீர்கள்.